நாலாயிரத்துக்கு மேல்

உப்புத்தண்ணீரில் மிதவைக் குழாயை விட்டு
எத்தனை டிகிரி என்று எழுதிக்கொடுப்பது
என் சம்பள வேலை.
சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு:
பங்குனி இரண்டாம் ஞாயிறு
வாலிநோக்கம் அளத்துக் கேட்டிலிருந்து
கடல் வரை மணலில் நடந்து
தரைச்சிட்டானை எண்ணுவது.

புத்தகத்தில் அதற்குச் சாம்பல்தலை வானம்பாடி என்று பேர்.
மாட்டுக் குளம்படிப் பள்ளம் போதும் கூட்டுக்கு,
விளிம்பில் நாலு பொடிக்கல் வைத்துக்கொள்ளும்.
ஆண் பனை உயரம் ஏறும்,
இறக்கையை மடித்து எறிகல்லாய் விழும்,
தரைக்கு ஒரு முழம் இருக்கையில்
மனசு மாறி மேலே வளையும்.
விழும்போது ஒரு விசில்.
உட்கார்ந்துவிட்டால் மண்ணோடு மண்.
அதனால் காதால்தான் கணக்கு.

முதல் வருஷம் அறுபத்தொன்று.
மழை பொய்த்த வருஷம் அறுபத்தெட்டு,
வெட்டவெளிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்.
தெற்கே புதுப் பாத்தி வெட்டினார்கள். நாற்பது.
மேற்கே சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. இருபத்தேழு.
ஒரு வருஷம் எனக்குப் பிரசவம்.
ஒரு வருஷம் ஊரடங்கு.
அந்த இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன்.
பூஜ்யம், போய்ப் பார்த்தவர் எழுதுவது.
வீட்டில் இருந்தவளுக்கு அந்த எண்ணில் பாத்தியதை இல்லை.

பதினொன்று. நாலு.
கோயம்புத்தூரில் கணக்குச் சேர்ப்பவர்
இருபத்திரண்டு வருஷத்துக்கும் ஒரே கோடாக
வரைந்து அனுப்பினார்.
பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம் போல இருந்தது.
இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

இந்தப் பங்குனியில்
லாரி கிளீனர் ரெமிஜியூஸ் கூட வந்தான்,
கடலில் முங்கிக் குளிக்க.
பாதி வழியில் நின்று
"யாருக்கா விசிலடிக்கிறது?" என்றான்.
எங்கே என்றேன்.
விரலை நேரே மேலே நீட்டினான்.
ஒரு கறுப்புப் புள்ளி ஏறி நின்றது,
விழுந்தது,
வளைந்தது.
எனக்கு அலைச்சத்தம் கேட்டது,
தூரத்தில் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.
கரை சேருமுன் அவன் ஒன்பது சொன்னான்.
என் நோட்டில் ஒன்றுமில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஹெட்போன் மாட்டி
சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள்.
கொஞ்ச நேரம் தூக்கினேன்.
அப்புறம் கை மடியிலேயே கிடந்தது,
அந்தப் பெண் மட்டும்
பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.
"நாலாயிரத்துக்கு மேல உங்களுக்கு இல்லம்மா.
அரவை மெஷின் பக்கத்துல எத்தனை வருஷம்?"

அப்படியானால் அந்தக் கோட்டில்
பறவை இறங்கியது எவ்வளவு,
நான் இறங்கியது எவ்வளவு?
பாத்தி வெட்டியது பொய்யில்லை.
கருவேலம் பொய்யில்லை.
அறுபத்தொன்று இனி வராது என்பதும் தெரியும்.
ஆனால் அந்த நாலு, நாலு இல்லை.
என் உச்சந்தலைக்கு நேர் மேலே
விசிலடித்து விழுந்தவற்றை
இல்லையென்று எழுதிவிட்டு
நடந்து போயிருக்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரர் போனில் சொன்னார்,
திருத்திவிடலாம் மேடம்,
எந்த வருஷத்திலிருந்து காது குறைந்தது?
அதை யாரும் எண்ணவில்லை சார் என்றேன்.

மறு ஞாயிறு திரும்பவும் போனோம்.
நோட்டில் நடுவே கோடு போட்டு
இரண்டு பத்தி.
அவன் பக்கம் பதினேழு.
என் பக்கம் பூஜ்யம்,
போய், நின்று, காது கொடுத்து எழுதியது.

அடுத்த வருஷமும் வருவியா என்றேன்.
டிரைவராகிவிட்டால் தூத்துக்குடி லைன்க்கா,
ஞாயிறு லீவு கிடைக்காது என்றான்.
சொல்லிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தி,
என்னைப் பார்க்காமல்,
இன்னொரு விரலை மடக்கினான்.